லேப்டாப் திருடு போனால் உள்ளே இருக்கிற தகவலைக் காப்பது எப்படி? கோவை–பாலக்காடு தினப் பயணிகளுக்கான இழை

#1 கொழிஞ்சாம்பாறை

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கஞ்சிக்கோடு பக்கமிருந்து கோவைக்குத் தினமும் லேப்டாப் பையோடு போய்வருகிறவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கோம். மெஷின் போனால் காசோடு முடிஞ்சிடும். உள்ளே இருக்கிற கஸ்டமர் ஆதார் நகல், ஜிஎஸ்டி கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட், சேவ் பண்ணி வெச்ச பாஸ்வேர்டு போனால்தான் வினை. பெரும்பாலும் விண்டோஸ் 11 ஹோம், லாகின் பாஸ்வேர்டு மட்டும். இது போதுமா? போதாதுன்னா எதை முதலில் செய்யணும்? தெரிஞ்சவங்க படிப்படியா சொல்லுங்க.

#2 கஞ்சிக்கோடு வன்பொருள்

போதாதுங்க. லாகின் பாஸ்வேர்டு விண்டோஸுக்குத்தான் காவல், டிஸ்க்குக்கு இல்லை. இப்போ வர்ற லேப்டாப்களில் அடிமூடியைக் கழற்றினால் டேட்டா தங்கும் எம்.2 எஸ்எஸ்டி (டிஸ்க்) ஒரே ஒரு சின்ன ஸ்க்ரூவில் நிற்கும். அதை எடுத்து யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால், உங்க பெயர் உள்ள ஃபோல்டர் அப்படியே திறக்கும். ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ன்னு ஒரு பெட்டி வரும், ‘கன்டினியூ’ அழுத்தினால் அதுவும் போயிடும். டிஸ்க்கைக் கழற்றக்கூட வேண்டாம், லினக்ஸ் ஏற்றின பென்டிரைவிலிருந்து மெஷினைத் தொடங்கினாலும் (பூட்) இதே கதைதான்.

பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி ஓடும் மெஷின் அமைப்பு) பாஸ்வேர்டு போட்டிருக்கேன்னு சிலர் நிம்மதியா இருக்காங்க. அது மெஷினைத்தான் நிறுத்தும், கழற்றி எடுத்த டிஸ்க்கை நிறுத்தாது. பென்டிரைவிலிருந்து பூட் ஆவதைத் தடுக்க அது நல்லதுதான், போட்டு வையுங்க. டேட்டாவைக் காப்பது டிஸ்க் முழுசுக்கும் போடும் என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டேட்டாவை மாற்றுவது) ஒன்றுதான். அது ஆன் ஆகியிருந்தால் கழற்றின எஸ்எஸ்டியில் இருந்து வருவது வெறும் குப்பை எழுத்து.

#3 சாவிக்கொத்து

வன்பொருள் அண்ணா சொன்னது சரி. விண்டோஸில் எப்படிப் போடுவதுன்னு எழுதறேன்.

ஹோம் எடிஷனில் இதன் பெயர் டிவைஸ் என்கிரிப்ஷன். ப்ரோவில் பிட்லாக்கர். உள்ளே ஓடும் நுட்பம் ஒன்றுதான். ப்ரோவில் திருகுவதற்கு அதிகக் குமிழ்கள் இருக்கும், அவ்வளவே. ஹோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போங்க. அந்த வரியே காணோம்னா, ஸ்டார்ட்டில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் தேடி, ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறங்க. பட்டியலின் அடியில் டிவைஸ் என்கிரிப்ஷன் சப்போர்ட் என்ற வரியில் காரணம் எழுதியிருக்கும். டிபிஎம் (சாவியைப் பத்திரமா வைக்கும் சிப்) அணைந்திருப்பது, செக்யூர் பூட் (நம்பகமான சாஃப்ட்வேரில் மட்டும் மெஷினைத் தொடங்கவிடும் அமைப்பு) அணைந்திருப்பது இரண்டும்தான் அடிக்கடி வருவது. பயாஸில் போய் இரண்டையும் ஆன் பண்ணினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனிமேல் சொல்வதை எல்லோரும் ஒருமுறை பாருங்க. புது லேப்டாப்பில் என்கிரிப்ஷன் தானாகவே ஓடி முடிஞ்சிருக்கும், ஆனால் பாதுகாப்பு ஆன் ஆகாமல் நிற்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாமல் லோக்கல் அக்கவுன்ட்டில் செட்டப் பண்ணின மெஷின்களில் இது சகஜம். ‘திஸ் பிசி’யில் சி டிரைவ் படத்தின் மேல் பூட்டோடு மஞ்சள் முக்கோணம் தெரியும். உறுதி செய்ய, கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து ‘மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ்’ (manage-bde -status) அடிங்க. ‘பெர்சன்டேஜ் என்கிரிப்டட்’ 100 என்று இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீங்க. கீழே ‘புரொடெக்‌ஷன் ஸ்டேட்டஸ்’ ஆஃப், ‘கீ புரொடெக்டர்ஸ்’ நன் ஃபவுண்ட் என்று இருந்தால், பூட்டிய கதவில் சாவியைத் தொங்கவிட்ட மாதிரிதான். சாவி அதே டிஸ்க்கில் திறந்த நிலையில் கிடக்குது. ‘புரொடெக்‌ஷன் ஆன்’ என்று வரும்வரை வேலை முடியலை.

#4 கொழிஞ்சாம்பாறை

பார்த்தேன் சார், 100 காட்டுது, ஆனா புரொடெக்‌ஷன் ஆஃப். லோக்கல் அக்கவுன்ட்தான். அடுத்து என்ன?

#5 சாவிக்கொத்து

ஹோமில் நேர்வழி இது: அட்மின் உரிமை உள்ள அக்கவுன்ட்டை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டாக மாற்றி உள்ளே நுழைங்க. 48 இலக்க ரிகவரி கீ (டிஸ்க்கைத் திறக்கும் மாற்றுச் சாவி) அந்த அக்கவுன்ட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பாதுகாப்பு ஆன் ஆகும். பிறகு மறுபடி ஸ்டேட்டஸ் பாருங்க.

சாவி ஆன்லைனில் மட்டும் இருக்க விடாதீங்க. பிரவுசரில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டுக்குள் போய், டிவைசஸில் ரிகவரி கீ பக்கத்தைத் திறந்தால் 6 இலக்கமாக 8 தொகுதி தெரியும், பக்கத்தில் கீ ஐடியும் இருக்கும். இரண்டையும் தாளில் எழுதுங்க, அல்லது பிரின்ட் எடுங்க. நம்ம பக்கத்தில் இரண்டு மாநில சிம் வெச்சிருக்கிறவங்க அதிகம். அக்கவுன்ட்டில் கொடுத்த நம்பரின் சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போனால், ஓடிபி வராமல் அந்தப் பக்கத்துக்கே நுழைய முடியாது. சாவி கையில் இல்லைன்னா மைக்ரோசாஃப்ட்டாலும் திறந்து தர முடியாது, எந்த சர்வீஸ் கடையாலும் முடியாது. திருடனிடமிருந்து காப்பதும் அதுதான், சாவியைத் தொலைத்த உங்களை வெளியே நிறுத்துவதும் அதுதான்.

ப்ரோ வைத்திருப்பவர்கள் பிட்லாக்கரைப் புதிதாக ஆன் பண்ணும்போது ‘யூஸ்டு ஸ்பேஸ் ஒன்லி’யா, ‘என்டையர் டிரைவ்’வா என்று கேட்கும். ஏற்கெனவே வேலை செய்த மெஷின் என்றால் முழு டிரைவையே தேர்வு பண்ணுங்க. பயன்பட்ட இடத்தை மட்டும் பூட்டினால், நீங்கள் அழித்துவிட்டதாக நினைக்கும் பழைய ஃபைல்கள் பூட்டில்லாத இடத்தில் அப்படியே கிடக்கும். நேரம் பிடிக்கும், சார்ஜரை மாட்டிவிட்டு வேலையைப் பாருங்க. நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

#6 பெங்குவின் பாலக்காடு

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போச்சு. சாவிக்கொத்து சொன்ன அமைப்பில் டிபிஎம் சிப் தானாகச் சாவியைக் கொடுத்துவிடும். மெஷினை ஆன் பண்ணினாலே லாகின் திரை வரைக்கும் டிஸ்க் திறந்தாச்சு. தனி சிப்பாக டிபிஎம் வைத்த போர்டுகளில், அந்தச் சிப்பிலிருந்து பிராசசருக்குப் போகும் கம்பியில் ஒரு மலிவான போர்டை வைத்துச் சாவியைப் படித்தே காட்டியிருக்காங்க. பிராசசருக்குள்ளேயே டிபிஎம் இருந்தால் அந்தக் கம்பி இல்லை, ஆனால் அதற்கும் வேறு தாக்குதல்கள் வெளிவந்திருக்கு.

அதனால் டிபிஎம்மோடு பூட் பின் (விண்டோஸ் ஏறும் முன்னாடியே கேட்கும் ரகசிய எண்) சேர்க்கணும். ப்ரோவில் மட்டும்தான் முடியும். ஸ்டார்ட்டில் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனன்ட்ஸ், பிட்லாக்கர் டிரைவ் என்கிரிப்ஷன், ஆப்பரேட்டிங் சிஸ்டம் டிரைவ்ஸ். அங்கே ‘ரிக்வயர் அடிஷனல் ஆதென்டிகேஷன் அட் ஸ்டார்ட்டப்’ எனேபிள் பண்ணிட்டு, பிட்லாக்கர் பக்கத்தில் ‘சேஞ்ச் ஹவ் டிரைவ் இஸ் அன்லாக்டு’ போய் பின் கொடுங்க. குறைந்தது 6 இலக்கம், 20 வரைக்கும் போகலாம். எழுத்து கலந்த பின்னுக்குத் தனி அனுமதி அதே பட்டியலில் இருக்கு. ஆனால் பூட் நேரத்தில் தமிழ் கீபோர்டு எதுவும் ஏறியிருக்காது, ஆங்கில அமைப்பிலேயே அடிக்கணும். இலக்கமாகவே வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

பிறகு ஸ்லீப். மூடியை மூடி ஸ்லீப்பில் பையில் போட்டால் சாவி ரேமிலேயே (தற்காலிக நினைவகம்) இருக்கு. 2008ல் பிரின்ஸ்டன் ஆராய்ச்சிக் குழு, ரேமைக் குளிரவைத்து, கரன்ட் போன பிறகும் அதிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினாங்க. பின் போட்டவங்க மூடியை மூடினால் ஹைபர்நேட் (ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிட்டு அணைவது) ஆகும்படி வையுங்க: கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், ‘சூஸ் வாட் குளோசிங் தி லிட் டஸ்’. அந்தப் பட்டியலில் ஹைபர்நேட் இல்லைன்னா மேலே ‘சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவெய்லபிள்’ அழுத்தி, கீழே ஹைபர்நேட் டிக் போடணும்.

#7 கஞ்சிக்கோடு வன்பொருள்

இங்கே கொஞ்சம் மாறுபடறேன். ரயில் ரேக்கில் இருந்து பையைத் தூக்குறவன் ரேமைக் குளிரவைக்கப் போறதில்லைங்க. டிஸ்க்கைக் கழற்றி விற்பான், இல்லைன்னா அழிச்சு விண்டோஸ் புதுசாப் போட்டு விற்பான். அவனுக்கு டிபிஎம் மட்டும் உள்ள என்கிரிப்ஷனே சுவர். ஹோம் வெச்சிருக்கிறவங்க ‘பின் இல்லையே’ன்னு எதையுமே செய்யாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து.

பின் இல்லாத மெஷினில் ஹைபர்நேட்டோ ஸ்லீப்போ பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லணும். ஹைபர்நேட்டில் ரேம் காலியாகுது, ஆனா எடுத்தவன் பவர் பட்டனை அழுத்தினதும் டிபிஎம் சாவியைத் திரும்ப ஏற்றிடும். அப்போ உங்களைக் காப்பது லாகின் பின்தான். அதில் 1234, பிறந்த வருஷம், வண்டி நம்பர் வைக்காதீங்க. அதே பையில் லைசென்ஸ் நகல் இருக்கும், பிறந்த தேதி அதில் இருக்கும்.

#8 பெங்குவின் பாலக்காடு

ஒத்துக்கறேன் அண்ணா, ஹோமில் இருப்பதை ஆன் பண்ணுவதுதான் முதல் படி. நீங்க சொன்ன லாகின் பின்னை (விண்டோஸ் ஹலோ பின்) தப்பாக அடித்தால் டிபிஎம்மே எண்ணிக்கொண்டு வரும். 32 தவறு ஆனால் பூட்டிக்கொள்ளும், பிறகு 10 நிமிஷத்துக்கு ஒரு முயற்சிதான். 6 இலக்கம் ஊகிக்க முடியாததாக இருந்தால் அதுவே நல்ல தடை. ஆனால் அடுத்தவர் கணக்கு வழக்கைச் சுமக்கிற ஆடிட்டர், வக்கீல், ஆஸ்பத்திரி ரெக்கார்டு வைத்திருப்பவர்கள் ப்ரோவுக்கு மாறி பூட் பின் போடணும் என்பதில் நான் பின்வாங்க மாட்டேன். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு எடுக்காததற்கு ₹250 கோடி வரை அபராத வரம்பு இருக்கு. அந்த எண்ணைவிட, நம்மை நம்பி ஆதாரைக் கொடுத்தவங்க முகம்தான் எனக்கு முக்கியம்.

டிபிஎம்மே இல்லாத பழைய மெஷினில் வெராகிரிப்ட் என்ற என்கிரிப்ஷன் சாஃப்ட்வேர் இலவசம், சிஸ்டம் டிரைவையே பூட்டும். பாஸ்வேர்டு 20 எழுத்துக்கு மேல் இருக்கணும், ஏன்னா தவறுகளை எண்ண அங்கே சிப் இல்லை. செட்டப்பின்போது உருவாக்கச் சொல்லும் ரெஸ்க்யூ டிஸ்க்கைத் தனிப் பென்டிரைவில் போட்டு வீட்டில் வையுங்க. லினக்ஸில் இதே வேலையைச் செய்வது லக்ஸ் (LUKS), இன்ஸ்டால் பண்ணும்போதே டிக் போட்டுவிடுவது சுலபம், பின்னால் சேர்ப்பது தலைவலி. லக்ஸ் ஹெடர் (சாவி விவரம் இருக்கும் டிஸ்க்கின் தொடக்கப் பகுதி) கெட்டால் சரியான பாஸ்வேர்டு இருந்தும் டேட்டா திரும்பாது, அதனால் ஹெடர் பேக்கப் எடுத்துவையுங்க. ஆப்பிள் மேக்கில் ஃபைல்வால்ட் ஆன் பண்ணினால் போதும். எம் வரிசைச் சிப் மெஷின்களில் டிஸ்க் ஏற்கெனவே என்கிரிப்ட் ஆகியிருப்பதால் காத்திருக்கவே வேண்டாம்.

#9 வேலந்தாவளம் கணக்கு

கணக்கு வேலை செய்கிறவர்களுக்காக. டிஸ்க் பூட்டியாச்சுன்னு நிறுத்தாதீங்க, பையில் வேறென்ன இருக்குன்னு பாருங்க.

முதலில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (கையெழுத்துச் சான்றிதழ் உள்ள யுஎஸ்பி கருவி). நிறையப் பேர் லேப்டாப் பையின் முன் ஜிப்பில், கிளையன்ட் பெயர் எழுதி ஒட்டி, சில சமயம் பின்னையும் அதிலேயே எழுதி வைக்கிறாங்க. டோக்கனின் ஃபேக்டரி பின்னையும் மாற்றியிருக்க மாட்டாங்க. அந்த டோக்கன் ஒருத்தரின் சட்டபூர்வக் கையெழுத்து. அதை லேப்டாப்போடு தூக்கிப் போகாதீங்க. போகவேண்டிய நாளில் வேறு பாக்கெட்டில் வையுங்க. தொலைந்தால் அதை வழங்கிய சான்றிதழ் நிறுவனத்திடம் அன்றைக்கே ரத்து கேட்கணும். கையெழுத்துக்கு உரியவர் கிளையன்ட்தான், அவருக்கும் உடனே சொல்லிடணும்.

கணக்கு சாஃப்ட்வேரான டேலியில் கம்பெனி யூசர் பாஸ்வேர்டு மட்டும் போட்டால் உள்ளே நுழைவதைத்தான் தடுக்கும். டேட்டாவையே பூட்டுவது டேலிவால்ட். கம்பெனி மெனுவில் இருக்கு. அந்தப் பாஸ்வேர்டு மறந்தால் மீட்க வழி இல்லை, எழுதி வையுங்க. போட்ட பிறகு டேட்டா ஃபோல்டரையும் பேக்கப் ஃபோல்டரையும் திறந்து, பூட்டில்லாத பழைய நகல் கிடக்குதான்னு பாருங்க.

எக்செலில் ‘புரொடெக்ட் ஷீட்’ என்பது திருத்தாமல் தடுக்க மட்டும், ரகசியம் காக்காது. ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் வொர்க்புக், ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு’ போட்டால்தான் உள்ளடக்கம் பூட்டும். இ-ஆதார் பிடிஎஃப் பூட்டியிருக்குன்னு நம்பாதீங்க. அதன் பாஸ்வேர்டு பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த வருஷமும்னு ஊருக்கே தெரியும், பெயரையோ பல சமயம் நாமே ஃபைல் பெயராக வெச்சிருப்போம்.

ஜிஎஸ்டி, வருமான வரி பாஸ்வேர்டெல்லாம் ஒரே எக்செலில் வைக்கும் பழக்கத்தை விட்டுடுங்க. பிட்வார்டன், கீபாஸ் மாதிரி பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றில் போட்டால் ஒரு நல்ல பாஸ்வேர்டு நினைவில் இருந்தால் போதும்.

#10 கஞ்சிக்கோடு வன்பொருள்

அக்கா சொன்னதோடு ஒன்று. பேக்கப் ஹார்ட்டிஸ்க்கை அதே பையில் வைக்காதீங்க. என்கிரிப்ஷன் திருடனைத் தடுக்கும், ஃபைலைத் திருப்பித் தராது. பேக்கப் வீட்டில் இருக்கணும், அதுவும் பூட்டியிருக்கணும். ப்ரோவில் வெளி டிரைவுக்கான ‘பிட்லாக்கர் டு கோ’ போடலாம். ஹோமில் அதை உருவாக்க முடியாது, ஆனால் பூட்டிய டிரைவைப் பாஸ்வேர்டு கொடுத்துத் திறக்கலாம். ஹோம்காரர்கள் வெளி டிரைவுக்கு வெராகிரிப்ட் வைத்துக்கலாம்.

எஸ்எஸ்டியில் ஃபைலை அழித்து மேலே எழுதிட்டால் போச்சுன்னு நினைக்க வேண்டாம். கன்ட்ரோலர் தேய்மானத்தைப் பரப்ப வேறு வேறு செல்லில் எழுதும், பழைய பிரதி எங்கோ தங்கும். அதனாலதான் டேட்டாவை ஏற்றும் முன்னாடியே என்கிரிப்ஷன் போடுவது உத்தமம். எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் ஹார்டுவேர் என்கிரிப்ஷனையும் நம்பி உட்காராதீங்க. 2018ல் நெதர்லாந்தின் ராட்பவுடு பல்கலை ஆராய்ச்சியாளர்கள் க்ரூஷியல், சாம்சங் டிரைவ்கள் சிலவற்றைப் பாஸ்வேர்டு இல்லாமலே திறந்து காட்டினாங்க. அதுக்கப்புறம்தான் பிட்லாக்கர் முன்னிருப்பாகவே சாஃப்ட்வேர் வழிக்கு மாறிச்சு.

கடைக்கு வர்ற சிக்கலில் அடிக்கடி வர்றது மதர்போர்டு. போர்டு மாற்றினால் டிபிஎம்மும் போயிடுது, நீல நிறத் திரையில் ரிகவரி கீ கேட்கும். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்னாடியே 48 இலக்கம் கைவசம் இருக்கான்னு பார்த்துக்கங்க. பயாஸ் அப்டேட் பண்ணும் முன் பிட்லாக்கரை ‘சஸ்பென்ட்’ பண்ணுங்க, டிக்ரிப்ட் பண்ண வேண்டாம். சஸ்பென்ட் ஆன நேரத்தில் சாவி டிஸ்க்கில் திறந்திருக்கும், அப்டேட் முடிஞ்சதும் ‘புரொடெக்‌ஷன் ஆன்’ திரும்பி வந்ததான்னு பார்த்துட்டுத்தான் பையில் போடணும்.

#11 எட்டிமடை

லேப்டாப் திருடு போன பிறகு செய்ய வேண்டியதை நான் எழுதறேன். வரிசை முக்கியம்.

போனிலிருந்து முதலில் மெயில். கூகுள் அக்கவுன்ட், செக்யூரிட்டி, யுவர் டிவைசஸ். அந்த லேப்டாப்பை சைன் அவுட் பண்ணிட்டுப் பாஸ்வேர்டு மாற்றுங்க. மற்ற எல்லா ரீசெட்டும் மெயிலுக்குத்தான் வரும் என்பதால் அது முதல். பிறகு மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட். வாட்ஸப்பில் லிங்க்டு டிவைசஸ் திறந்து லாக் அவுட், டெலிகிராமில் டிவைசஸ். அப்புறம் பேங்க், ஜிஎஸ்டி, வருமான வரி. அக்கவுன்ட்டிலிருந்து பணம் நகர்ந்திருந்தால் காத்திருக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930. போனும் சேர்ந்து போயிருந்தால் சிம்மைத் தடுத்துட்டு, போலீஸ் புகார் கொடுத்த பிறகு அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) முடக்கம் கேளுங்க. லேப்டாப்புக்கு அந்த வசதி கிடையாது.

அடுத்து எஃப்ஐஆர். ரயிலில் திருடு போனால் ரயில்வே உதவி எண் 139. ஓடும் வண்டியிலேயே டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ), டிரெயின் மேனேஜர் (பழைய பெயர் கார்டு), ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்பிஎஃப்) ஆட்களிடம் எஃப்ஐஆர் படிவம் கிடைக்கும். மாநில எல்லையான வாளையாருக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா எங்கே போச்சுன்னே தெரியாது, இரண்டு மாநிலப் போலீஸும் கைகாட்டும்னு பலரும் புகாரே கொடுப்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் தகவலைப் பதியணும். பாலக்காட்டில் இறங்கின பிறகு தெரிந்தால் பாலக்காட்டிலேயே கொடுங்க, கோவையில் தெரிந்தால் கோவையில். ஆன்லைனில் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடணும். வாயால் சொன்னதை அவங்க எழுதினால் உங்களுக்குப் படித்துக் காட்டணும், நகல் இலவசம். மலையாளத்தில் எழுதியிருந்தால் வாசிச்சுச் சொல்லச் சொல்லிக் கேட்டு, சீரியல் நம்பர் சரியா இருக்கான்னு மட்டுமாவது விரல் வைத்துப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. பூஜ்ஜியமும் ஆங்கில ‘ஓ’வும் மாறிப்போனால் மெஷின் கிடைத்தாலும் உங்களுதுன்னு நிரூபிக்க முடியாது.

அந்த சீரியல் நம்பர் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும், இல்லைன்னா பயாஸில் இருக்கும். இன்றைக்கே போட்டோ எடுத்து பில்லோடு மெயிலில் போட்டுக்கங்க.

#12 கொழிஞ்சாம்பாறை

அக்கவுன்ட் மாற்றி நுழைந்தேன், இப்போ புரொடெக்‌ஷன் ஆன். கடைசிக் கேள்வி: தாளில் சாவி எழுதி வைக்கச் சொன்னீங்க. வீட்டில் 3 லேப்டாப் இருக்கு. எது எதுக்குன்னு எப்படித் தெரியும்? அந்தத் தாளே திருடு போனால்?

#13 சாவிக்கொத்து

ரிகவரி திரையில் கீ ஐடி காட்டும், அதன் முதல் 8 எழுத்தைத் தாளில் உள்ளதோடு ஒப்பிடுங்க. அதனால்தான் ஐடியையும் எழுதச் சொன்னேன். தாளில் மெஷின் மாடல், உங்க பெயர், மெயில் எதுவும் வேண்டாம். லேப்டாப் இல்லாமல் தாள் மட்டும் போனால் அது வெறும் எண் வரிசை. இரண்டும் ஒன்றாகப் போனால்தான் கெடுதி, அதனால் பையிலும் பர்ஸிலும் வைக்காமல் பீரோவில் பத்திரங்களோடு வையுங்க. தாளை யாரோ பார்த்துட்டாங்கன்னு சந்தேகம் வந்தால், என்கிரிப்ஷனை ஆஃப் பண்ணி முழுசா டிக்ரிப்ட் ஆக விட்டு மறுபடி ஆன் பண்ணினால் புது 48 இலக்கம் வரும், பழையது செல்லாது.